அடைத்து வைத்தவரே மருந்துக்கும் பொறுப்பாளி

(ஜும்ஆ உரை)

 



மஃரிபுத் தொழுகையை முடித்து நாம் வெளியே வரும்போது பள்ளிவாசலின் படியோரம் யார் நிற்கிறார்கள் என்பதை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். காய்ச்சல் கண்ட குழந்தையைத் தோளில் சாய்த்துக் கொண்டு தாய்மார்கள் நிற்கிறார்கள். மதுரை நகரிலும், மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி, உசிலம்பட்டி என இந்த வைகைச் சமவெளியின் ஊர்களிலும் இது பழகிப்போன காட்சி. அவர்களில் பெரும்பாலோர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆயினும் தொழுதுவிட்டு வருபவர் ஓதி ஊதினால் பிள்ளை குணமடையும் என்னும் நம்பிக்கையோடு வருகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், அந்த வரிசையில் ஒரு தாய் குழந்தை எதுவுமின்றித் தனியே நின்றிருந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. "அஜ்ரத்! என் மகனுக்குப் பதினாறு வயது. சிநேகிதர்களோடு சேர்ந்து வண்டி திருடிய வழக்கில் பிடித்துக் கொண்டு போய், பையன்களை வைக்கும் இல்லத்தில் வைத்திருக்கிறார்கள். ஐந்து நாளாகிறது. பார்க்கப் போனேன். உறக்கமே வரவில்லை என்கிறான். கை நடுங்குகிறது. ஓதித் தாருங்கள்" என்றார். பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டி, "இது அவன் சிறு வயதிலிருந்து சாப்பிடும் வலிப்பு மாத்திரை. வாசலில் கொடுத்தேன். வெளியிலிருந்து மாத்திரை வாங்கக் கூடாது என்று திருப்பித் தந்துவிட்டார்கள்" என்றும் சொன்னார்.

நான் தண்ணீரில் ஓதிக் கொடுத்தேன். "அல்லாஹ் ஷிஃபா தருவான், தைரியமாகப் போங்கள் அம்மா" என்றேன். அந்த அட்டையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவரும் போய்விட்டார்.

மூன்றாம் நாள் அதே தாய் அழுதுகொண்டு வந்தார். இரவில் பையனுக்கு வலிப்பு வந்திருக்கிறது. உடனிருந்த சிறுவர்கள், வெளியே போவதற்காக நடிக்கிறான் என்று முதலில் எண்ணியிருக்கிறார்கள். ஒரு வலிப்பு நிற்பதற்குள் அடுத்தது வந்தபோதுதான் கூச்சலிட்டிருக்கிறார்கள். நான் அந்தத் தாயுடன் அரசு மருத்துவமனைக்குச் சென்றேன். பையனின் நாக்கு கடிபட்டிருந்தது. முன்பல் ஒன்று உடைந்திருந்தது. கட்டிலருகே காவலர் ஒருவர் அமர்ந்திருந்தார். பணியிலிருந்த இளம் மருத்துவர் எங்களைப் பார்த்துக் கேட்டார்: "இவனுடைய மாத்திரையை நிறுத்தியது யார்?"

சகோதரர்களே! அக்கேள்விக்கு அங்கு எவரிடமும் பதில் இல்லை. மாத்திரையை யாரும் நிறுத்தவில்லை. ஆனால் யாரும் கொடுக்கவுமில்லை. அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன். அது என்னையும் நோக்கிய கேள்வி என்பதை மறைக்காமலேயே வைக்கிறேன்.

பூனையை அடைத்த பெண்

ஒரு பூனையின் காரணமாக ஒரு பெண் வேதனைக்குள்ளானாள் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தியை நாம் அனைவரும் அறிவோம். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் அது பதிவாகியுள்ளது. அப்பெண் பூனையை அடித்துக் கொன்றதாக அதில் இல்லை. நஞ்சு வைத்ததாகவும் இல்லை. அதை அடைத்து வைத்தாள். தானும் உணவளிக்கவில்லை. தானே இரை தேடிக்கொள்ள அதை வெளியே விடவுமில்லை. அது மாண்டது.

இச்செய்தியில் ஒரு சட்ட நுணுக்கம் பொதிந்திருப்பதைச் சிந்தித்துப் பாருங்கள். வெளியே திரியும் பூனைக்கு உணவிடாதவர் மீது அத்தகைய குற்றம் சுமத்தப்படவில்லை. அடைத்து வைத்த அந்தக் கணத்திலேயே பொறுப்பு இடம் மாறிவிடுகிறது. அதுவரை தன் தேவையைத் தானே பார்த்துக்கொண்ட ஓர் உயிர், இனி அடைத்தவரின் கையை எதிர்பார்த்தே வாழ வேண்டும். ஆகவே அடைத்தவர் "நான் எந்தத் தீங்கும் செய்யவில்லையே" என்று கூறித் தப்பிவிட முடியாது. செய்யாமல் விட்டதே அங்கு குற்றமாகிறது.

நாய்க்கும் பூனைக்கும் இந்த நியாயம் என்றால், ஆதமுடைய மகனுக்கு எந்த நியாயம்? வெளியே இருக்கும் சிறுவனுக்குத் தலைவலி வந்தால் தாயிடம் சொல்வான். பல் வலித்தால் பெரியாஸ்பத்திரிக்கு ஓடுவான். உறக்கம் வராவிட்டால் நண்பனிடமேனும் புலம்புவான். பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும் சிறுவனால் இவற்றில் ஒன்றையும் செய்ய இயலாது. அவனால் மருத்துவரிடம் செல்ல இயலாது என்றால், மருத்துவர் அவனிடம் செல்ல வேண்டும். இன்று நான் சொல்ல வந்ததன் சாரம் இவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

பதினெட்டு வயது நிரம்பாத ஒருவர் குற்றம் செய்ததாகக் கூறப்பட்டால் அவரைச் சிறையிலோ காவல் நிலைய அறையிலோ வைக்கக் கூடாது. 24 மணி நேரத்திற்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பிணையில் அனுப்புவதே பொது விதி. விசாரணைக் காலத்தில் தங்க வைக்கும் இடத்திற்குக் கூர்நோக்கு இல்லம் என்று பெயர். நம் மதுரையிலும் அத்தகைய இல்லம் உண்டு. குற்றம் செய்ததாக முடிவான பின் அனுப்பப்படும் இடம் சிறப்பு இல்லம். ஆண் பிள்ளைகளுக்கான அரசினர் சிறப்பு இல்லம் செங்கல்பட்டில் உள்ளது.

இது நேற்று முளைத்த ஏற்பாடு அன்று. இந்தியாவிலேயே முதன்முதலாக 1920ஆம் ஆண்டில் குழந்தைகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது அன்றைய சென்னை மாகாணம்தான். பின்னர் 1986இலும், 2000இலும், இறுதியாக 2015இலும் நாடு முழுமைக்குமான இளைஞர் நீதிச் சட்டங்கள் வந்தன.

மருத்துவம் குறித்து இன்றைய சட்டமும் அதன் கீழ் மத்திய அரசு 2016இல் வகுத்த மாதிரி விதிகளும் கூறுவதைக் கேளுங்கள். இல்லத்திற்கு வந்த 24 மணி நேரத்திற்குள் ஒவ்வொரு பிள்ளையையும் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் உடல்நலப் பதிவேடும், தனியே மனநலப் பதிவேடும் இருக்க வேண்டும். அருகிலுள்ள அரசு மருத்துவமனை, மனநல மருத்துவர்கள் ஆகியோருடன் இல்லம் தொடர்பு வைத்திருக்க வேண்டும். பயிற்சி பெற்ற மனநல வல்லுநர் ஆராய்ந்து நோயைக் கண்டறியாமல் மனநோய்க்கான மருந்து எதையும் பிள்ளைக்குக் கொடுக்கலாகாது. அதாவது, சத்தம் போடுகிறான் என்பதற்காக உறக்க மாத்திரை கொடுத்துப் படுக்க வைப்பது மருத்துவம் ஆகாது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இதில் தெளிவாகவே உள்ளது. அரசுக் காப்பகங்களில் இருப்பவருக்கு மனநோய் இருப்பதாகத் தோன்றினால், அவரை அருகிலுள்ள அரசு மனநல மருத்துவ நிலையத்திற்கு அழைத்துச் செல்வது பொறுப்பாளரின் கடமை.

அப்படியானால் அந்தப் பையனுக்கு ஏன் அது நடந்தது? இங்கு நாம் நீதியோடு பேச வேண்டும். வாசலில் மாத்திரையை மறுத்த காவலாளி கொடியவர் அல்லர். போதை மாத்திரைகள் எத்தனையோ வழிகளில் இல்லங்களுக்குள் நுழைய முயலும் காலம் இது. அறியாத மாத்திரையை வாங்காதே என்னும் விதி சரியானதே. ஆனால் அம்மாத்திரை அட்டை வாசலிலிருந்து மருத்துவரின் மேசைக்குச் செல்ல ஒரு பாதை இருந்திருக்க வேண்டும். அந்தப் பாதை அங்கு இல்லை. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு அடுத்தடுத்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது மருத்துவர் அறிந்த செய்தி. காவலாளி அறியமாட்டார். அதனால்தான் முதல் 24 மணி நேரத்தில் மருத்துவர் பார்க்க வேண்டும் என்று விதி எழுதினார்கள்.

குறும்பா, நோயா?

சகோதரர்களே! இத்தகைய பிள்ளைகள் எந்த நிலையில் உள்ளே செல்கிறார்கள் என்பதை அறிந்து கொள்ளுங்கள்.

பலர் சொறி சிரங்கோடு வருகிறார்கள். ஓர் அறையில் பலர் படுத்துறங்கும் இடத்தில் ஒருவருக்கு மட்டும் மருந்து தடவினால் பயனில்லை. அனைவருக்கும் ஒரே நேரத்தில் மருந்திட்டு, துணிகளையும் போர்வைகளையும் வெந்நீரில் துவைத்தால்தான் அது ஒழியும். இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்கான பரிசோதனை தேவை. சொத்தைப் பல், காதில் சீழ், பார்வைக் குறைவு ஆகியவை வீட்டிலேயே கவனிக்கப்படாமல் வந்தவை. கரும்பலகை தெரியாமல் பள்ளியை விட்டவன் பின்னர் தெருவில் நின்றதும், தெருவிலிருந்து வழக்கிற்குள் விழுந்ததும் நாம் காணாத கதைகளா?

அடுத்தது போதை. கஞ்சா பழகியவனுக்கு அது திடீரென நின்றால் உறக்கம் கெடும், எரிச்சல் மூளும், பசி போகும். வலி நிவாரணி மாத்திரைகளைப் போதைக்காகப் பழகியவனுக்கு உடம்பெல்லாம் வலிக்கும், மூக்கு ஒழுகும், வாந்தியும் பேதியும் வரும். மதுவோ உறக்க மாத்திரையோ பழகியவனுக்குக் கை நடுங்கும், சில வேளை வலிப்பே வரும். இவற்றுக்கு மருத்துவம் உண்டு. ஆனால் அறியாதவர் கண்ணுக்கு இது திமிராகத் தெரியும். கத்துகிறான், அடங்கமாட்டேன் என்கிறான் என்று கம்பு எடுக்கப்படும்.

மூன்றாவது மனம். 19 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளை ஒன்று சேர்த்து 2021இல் வெளியான ஒரு மருத்துவ மதிப்பாய்வு, அடைத்து வைக்கப்பட்ட இளம் பருவத்தினர் 32,000க்கும் மேற்பட்டோரைக் கணக்கில் கொண்டது. ஆண் பிள்ளைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கும், பெண் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கும் கடும் மனச்சோர்வு இருப்பதாக அது கண்டது. அடிபட்டும் சீரழிக்கப்பட்டும் வந்த அதிர்ச்சி நீங்காமல் இரவில் அலறி எழுபவர்களும் உண்டு. பதினைந்து வயதுப் பையன் படுக்கையை நனைக்கிறான் என்றால் அது கேலிக்குரியதன்று. பிளேடால் கையைக் கீறிக் கொள்கிறான் என்றால் அது வெறும் மிரட்டலன்று. அடைக்கப்பட்ட முதல் சில நாட்களே உயிரை மாய்த்துக் கொள்ளும் எண்ணம் மிகுந்த ஆபத்தான நாட்கள் என மனநல மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று பரிவோடு கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்காமல் விடுவதாலும், தனியறையில் பூட்டுவதாலும்தான் அது முற்றுகிறது.

உறங்குபவர் விழிக்கும் வரை, சிறுவர் பருவமடையும் வரை, புத்தி பேதலித்தவர் தெளிவடையும் வரை அவர்கள் மீது குற்றம் எழுதப்படுவதில்லை என்று அபூதாவூதில் இடம்பெறும் நபிமொழி கற்பிக்கிறது. வயதையும் மனநிலையையும் பார்க்காமல் தண்டனையைப் பேசுவது நம் மார்க்கத்தின் வழி அன்று. பருவம் எய்தியவனுக்குப் பொறுப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நோயுற்றவனுக்கு மருந்து உண்டு என்பதும் அதே மார்க்கம்தான்.

செங்கல்பட்டு கற்றுத்தந்த பாடம்

2022ஆம் ஆண்டின் கடைசி நாளாகிய டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு இல்லத்திலிருந்த 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். இரயில்வேக்குச் சொந்தமான பேட்டரிகளைத் திருடினான் என்பது அவன் மீதான குற்றச்சாட்டு. அவன் உடலில் காயங்கள் இருந்தன. அடித்ததாகக் குற்றம் சுமத்தப்பட்டு, இல்லப் பணியாளர்கள் ஆறு பேர் 2023 ஜனவரியில் கைது செய்யப்பட்டனர். அதன் பின்னர் தமிழக அரசு, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு அவர்களைக் கொண்டு இத்தகைய இல்லங்களின் நிலையை ஆராய ஒரு குழுவை அமைத்தது. 2023 நவம்பரில் அக்குழுவின் அறிக்கை முதலமைச்சரிடம் அளிக்கப்பட்டது.

அச்சிறுவனின் பெயரை நான் சொல்லவில்லை. இத்தகைய பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடலாகாது என்பது சட்டம். ஆனால் அவனுடைய வயதைச் சொல்கிறேன். நம் வீட்டில் அந்த வயதில் ஒரு பிள்ளை இருக்கிறான். அவன் நம்மிடம் பொய் சொல்கிறான். சட்டைப் பையிலிருந்து பணம் எடுக்கிறான். கோபம் வந்தால் கதவை அறைந்து சாத்துகிறான். ஆயினும் இரவில் காய்ச்சல் அடித்தால் எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம். எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தக் கை உண்டு. இல்லத்திலிருக்கும் பிள்ளைக்கு அந்தக் கை எது? அதுதான் கேள்வி.

மது அருந்தியதற்காகத் தண்டனை பெற்ற ஒருவரை, "அல்லாஹ் உன்னை இழிவுபடுத்துவானாக" என்று ஒருவர் சபித்தபோது, தம் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவ வேண்டாமென நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாகப் புகாரியில் காண்கிறோம். தண்டனை அதன் அளவோடு முடிந்தது. அதற்கு மேல் ஒரு சொல்லைக்கூட அவர்கள் அனுமதிக்கவில்லை. சொல்லுக்கே அனுமதியில்லாதபோது கம்புக்கு எங்கிருந்து அனுமதி வந்தது?

பக்தாதின் சிறை மருத்துவர்கள்

இது இக்காலத்து மேனாட்டார் கண்டுபிடித்த கருணை என்று எண்ணிவிடாதீர்கள். ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், கலீஃபா முக்ததிர் காலத்தில், பக்தாதில் அலீ இப்னு ஈஸா என்னும் அமைச்சர் இருந்தார். அரசின் மருத்துவத் தலைவராகிய ஸினான் இப்னு ஸாபித் அவர்களுக்கு அவர் எழுதிய ஒரு கடிதத்தை, மருத்துவர்களின் வரலாற்றை எழுதியோர் பாதுகாத்துத் தந்துள்ளார்கள். அதன் கருத்து இதுதான்: சிறையில் உள்ளவர்களைப் பற்றிச் சிந்தித்தேன், கூட்டமும் இடத்தின் கடுமையும் அவர்களை நோயில் தள்ளாமல் இரா, தங்கள் நலனைத் தாங்களே தேடிச் செல்லவும் அவர்களால் இயலாது, எனவே நாள்தோறும் மருத்துவர்கள் மருந்துகளுடன் சிறைகளுக்குச் சென்று அனைவரையும் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.

பார்த்தீர்களா! பூனையின் செய்தியில் பொதிந்திருந்த அதே நியாயம். அவர்களால் மருத்துவரிடம் வர இயலாது, ஆகவே மருத்துவர் செல்லட்டும். அந்த அமைச்சர் குற்றவாளிகளை விடுதலை செய்துவிடவில்லை. குற்றம் வேறு, நோய் வேறு என்று பிரித்துப் பார்த்தார்.

துஆவும் மருந்தும்

இப்போது நம்மைப் பற்றிப் பேச வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையை இராமநாதபுரம் மாவட்டம் மறக்காது. ஏர்வாடியில் தர்காவைச் சுற்றி இயங்கிய தனியார் மனநலக் காப்பகங்களில் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கு கொண்டு வந்து விட்ட குடும்பத்தினர் பாசமில்லாதவர்கள் அல்லர். துஆவினால் குணமாகும் என்று நம்பி வந்தவர்கள். நம்பிக்கையில் பிழையில்லை. ஆனால் துஆவை மருந்துக்கு மாற்றாக்கியதும், நோயாளியைப் பூட்டி வைத்ததும் பெரும் பிழை. அதன் பின்னர் அக்காப்பகங்கள் மூடப்பட்டன. பிற்காலத்தில் அதே தர்காவில், பிரார்த்தனைக்கு வருவோர் மனநல மருத்துவரையும் கண்டு மருந்து பெற்றுச் செல்லும் ஏற்பாடு வந்தது. இருபத்தெட்டு உயிர்களுக்குப் பின் நாம் கற்ற பாடம் அது.

அந்தப் பாடத்தை மிம்பரில் நின்று பலமுறை சொன்னவன்தான் நான். ஆயினும் ஒரு தாய் மாத்திரை அட்டையைக் கண்முன் நீட்டியபோது, தண்ணீரை மட்டும் ஓதிக் கொடுத்து அனுப்பினேன். ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்கியுள்ளான், எனவே மருத்துவம் செய்து கொள்ளுங்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை. ஓதியது தவறன்று. ஓதிய பின் எழுந்து அவருடன் நடக்காததே என் தவறு. மருத்துவர் கேட்ட கேள்வியில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொன்னது இதனால்தான்.

அந்தத் தாய் நம் மார்க்கத்தவர் அல்லர். அதனால் என்ன? தமக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவன் நோயுற்றபோது நபி (ஸல்) அவர்களே அவனுடைய வீடு சென்று தலைமாட்டில் அமர்ந்தார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரியில் உள்ளது. பசித்தவருக்கு உணவளிப்பதையும், நோயாளியை நலம் விசாரிப்பதையும், சிறைப்பட்டவரை விடுவிப்பதையும் ஒரே மூச்சில் ஏவிய நபிமொழியும் அதே நூலில் உள்ளது. அம்மூன்றும் ஒருங்கே தேவைப்படுபவன் இல்லத்தில் நோயுற்றுக் கிடக்கும் சிறுவன்.

நாம் செய்யக் கூடியவை

இதை வாசிக்கும் சகோதரரே, சகோதரியே! உங்களால் இயன்றவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது: உங்கள் மஹல்லாவிலோ தெருவிலோ ஒரு பிள்ளை பிடிக்கப்பட்டால், அன்றே அவனுடைய தாயிடம் கேளுங்கள்: "இவன் ஏதேனும் மாத்திரை சாப்பிடுகிறானா?" வலிப்பு, ஆஸ்துமா, சர்க்கரை, மனநோய், போதைப் பழக்கம் எதுவாயினும் மறைக்க வேண்டாம். மருத்துவச் சீட்டு, ஓ.பி. நோட்டு, மாத்திரை அட்டை ஆகியவற்றை இல்லத்தின் வாசலில் கொடுத்துவிட்டு வராதீர்கள். அவனைக் குழுமத்தின் முன் நிறுத்தும்போதே அவற்றின் நகலைக் காட்டி, மருத்துவ ஏற்பாடு செய்ய உத்தரவிடுமாறு எழுத்தில் கேளுங்கள். நன்னடத்தை அலுவலரிடமும் ஒரு நகல் கொடுங்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும்.

இரண்டாவது: பிள்ளை வெளியே வந்த பின் மருந்தை நிறுத்த விடாதீர்கள். கோரிப்பாளையம் தர்காவிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில்தான் நம் இராஜாஜி அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கு மனநலப் பிரிவு உண்டு. அங்கு போனால் பைத்தியம் என்பார்கள் என்று அஞ்சி வீட்டில் வைத்திருப்பது பிள்ளையை இரண்டாம் முறை பூட்டுவதாகும். நள்ளிரவில் கலக்கம் மிகுந்தால் 14416 என்னும் இலவச மனநல உதவி எண்ணும், குழந்தைகளுக்கான 1098 என்னும் எண்ணும் இருக்கின்றன.

மூன்றாவது: நம்மிடையே மருத்துவர்களும், பல் மருத்துவர்களும், உளவியல் படித்தவர்களும் இருக்கிறார்கள். மாதம் ஒரு நாள் இல்லத்துப் பிள்ளைகளைப் பார்க்க முறைப்படி அனுமதி கேளுங்கள். இளைஞர் நீதிக் குழுமத்தில் நீதித்துறை நடுவரோடு இரண்டு சமூகப் பணியாளர்களும் அமர்கிறார்கள். குழந்தைகள் நலனில் ஏழாண்டு ஈடுபட்டவர்களும், உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் படித்துத் தொழில் செய்பவர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம். நம் படித்த பிள்ளைகளில் எத்தனை பேர் அதை அறிவார்கள்?

நான்காவது: ஜமாஅத்தின் பொதுநிதியில் ஒரு சிறு பகுதியை இதற்கு ஒதுக்குங்கள். மகனைப் பார்க்கக் கிராமத்திலிருந்து வரும் தாய்க்குப் பேருந்துக் கட்டணமே பெரும் சுமை. ஒருநாள் கூலியை இழந்தே அவர் வருகிறார். அவருக்கு உதவுவது நோயாளியை நலம் விசாரிப்பதன் ஒரு பகுதியே. மதம் கேட்காமல் கொடுங்கள்.

ஐந்தாவது: திரும்பி வந்த பிள்ளையின் மீது முத்திரை குத்தாதீர்கள். பழைய பதிவு அவனுடைய எதிர்காலத்தைத் தடுக்கலாகாது என்று சட்டமே கூறுகிறது. கடையில் வேலை கொடுக்கும்போது நாம் அதைவிடக் கடுமையாக நடந்து கொள்ளலாமா? யூசுஃப் (அலை) அவர்கள் சிறையிலிருந்து வந்தவர்கள்தாம். அவர்கள் மீது சுமத்தப்பட்டது பொய். நம் பிள்ளைகளில் சிலர் மீதான குற்றச்சாட்டு மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் சிறைவாசலைத் தாண்டி வந்தவர் என்பதாலேயே ஒருவரை ஒதுக்க, அந்த வரலாற்றை ஓதும் நமக்கு உரிமையில்லை.

அன்பிற்குரியவர்களே! அந்தப் பையன் பிழைத்துக் கொண்டான், அல்ஹம்து லில்லாஹ். குழுமம் அவனுடைய மருத்துவச் சீட்டைப் பார்த்த பின் மாத்திரை ஒழுங்காகக் கிடைத்தது. சில வாரங்களில் பிணையில் வெளிவந்தான். இப்போது ஒரு மெக்கானிக் பட்டறையில் வேலை செய்கிறான். உடைந்த பல் அப்படியே இருக்கிறது. சாலையில் என்னைக் கண்டால் சிரிப்பான். அந்த இடைவெளியைப் பார்க்கும் போதெல்லாம் அந்த மருத்துவரின் கேள்வி என் காதில் ஒலிக்கிறது.

நாளை மறுமையில், நான் நோயுற்றிருந்தேன், நீ ஏன் என்னைக் காண வரவில்லை என்று இறைவன் அடியானிடம் கேட்பான் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். "உள்ளே விட மாட்டார்கள், இறைவா! கதவு பூட்டியிருந்தது" என்று நாம் சொல்லலாம். அப்போது, அந்தக் கதவை நீ ஒருமுறையேனும் தட்டினாயா என்று கேட்கப்பட்டால் என்ன சொல்வோம்?

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளைத் தீய நட்பிலிருந்தும் போதையிலிருந்தும் காப்பானாக! பூட்டிய அறைகளில் நோயோடும் அச்சத்தோடும் இன்றிரவு உறங்கச் செல்லும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நலத்தை அருள்வானாக! அவர்களைப் பொறுப்பில் வைத்திருப்போரின் உள்ளங்களில் இரக்கத்தையும், நம் கால்களில் அவர்களை நோக்கி நடக்கும் வலிமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.